மாமா வைத்த குறுக்குக் கம்பி

எங்கள் வாப்பாவுக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று பாகற்காய், மற்றது வட்டி. பாகற்காயையாவது உம்மா கருப்பட்டி போட்டு ஏமாற்றி உள்ளே தள்ளிவிடுவாள். வட்டியை எந்த வேஷத்தில் கொண்டுவந்தாலும் வாப்பா மோப்பம் பிடித்துவிடுவார். தவணை என்றாலும் சரி, கைமாற்று என்றாலும் சரி, அதற்குள் எங்கோ சுருண்டு படுத்திருக்கும் வட்டியைக் கண்டுபிடித்து, சலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார். மார்க்கம் விலக்கியது என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். தாராவியில் எங்கள் சந்தில் வட்டிக்கு வாங்கியிருந்தவர்கள் சம்பள நாளன்று பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைவார்கள். முன்பக்கம் வட்டிக்காரர் நிற்பார். எங்கள் அறைக்கோ ஒரே வாசல்தான். அதனால் கடன் நமக்குச் சரிப்படாது என்பார்.

வாப்பா தோல் பெல்ட்டும் மணிபர்ஸும் தைக்கிறவர். மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, தோல் கிடங்கு ஒன்றில் சில வருஷம் கூலிக்கு இருந்து, அப்புறம் சொந்தமாக ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டுக்கொண்டார். அறையில் வாசலை ஒட்டி அந்த மெஷின் இருந்தது. வாப்பா அதன் முன் உட்கார்ந்துவிட்டால் உம்மா, லாத்தா, நான் மூன்று பேரும் அவரைத் தாண்டித்தான் போகவர வேண்டும். லாத்தா என்றால் என் அக்கா. அவளுக்கு அப்போது கல்யாண வயது. எனக்குப் பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடுகிற வயது.

தைத்த சரக்கெல்லாம் பிண்டி பஜாரில் ஒரு சேட்டின் கடைக்குப் போகும். சேட் எண்ணி எடுத்துக்கொண்டு கையோடு காசு கொடுப்பார். அந்தக் காசில் வாப்பா அடுத்த வாரத்துக்குத் தோல் வாங்குவார். மிஞ்சியதில் நாங்கள் சாப்பிடுவோம். ஒரு வாரம் சரக்கு போய்ச் சேராவிட்டால் தோலுக்குக் காசில்லை. தோலுக்குக் காசில்லை என்றால் வட்டிக்காரர் வீடுதான் வழி. ஆகவே தாராவியிலிருந்து பிண்டி பஜாருக்கு ஒரு மூட்டையைக் குறைந்த செலவில் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே பெரிய கேள்வி.

டிராம் ஓடிய காலத்தில் அந்தக் கேள்வி இல்லை. தாதர் வரை நடந்துபோய் டிராமில் ஏறி, மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்த்தபடி போய் இறங்குவார். காசும் அற்பம். அறுபதுகளின் நடுவில் அந்த டிராமை நிறுத்திவிட்டார்கள். கடைசி டிராமைப் பார்க்க ஊரே திரண்டு போனது. வாப்பா மட்டும் சாவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு போய்விட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் தேடாத வழியில்லை. பஸ் கண்டக்டர் மூட்டையைப் பார்த்ததும் மணியடித்துவிடுவார். கைவண்டிக்காரர் கேட்ட கூலிக்கு இரண்டு டஜன் பெல்ட் தைக்க வேண்டும். டாக்ஸி என்று நான் ஒரு தடவை யோசனை சொன்னேன், அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள். கும்பார்வாடாவில் மண்பாண்டம் செய்கிற ஒருவரோடு பாதிக் கூலி போட்டுக் கூட்டு வண்டி பிடித்துப் பார்த்தார். கீழே பானை, மேலே பெல்ட் மூட்டை. பைகுல்லா பக்கம் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. பெல்ட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பானைக்காரர் அதற்குப் பிறகு வாப்பாவைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவார். ரயிலில் ஒரு முறை போனார், அதோடு சரி. ரயில் பேச்சை எடுத்தாலே மூட்டைக்குத் தனி டிக்கெட் கேட்கிறான் என்று முடித்துவிடுவார். மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடுகிற கடைக்கும் போனார். எடுத்த சைக்கிளை ஐந்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த மணிக்கணக்கு நம்மைத் தின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். வாப்பாவைப் போல் கையிறுக்கமான ஆள் பம்பாயிலேயே கிடையாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் மாமாவைச் சொல்ல வேண்டும். உம்மாவின் அண்ணன். எங்களில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மாமாவுக்கு அந்தப் பெயர் வெகு பொருத்தம், ஒரு விஷயம் கிடைத்தால் ஊரைக் கூட்டாமல் விடமாட்டார். சுனாபட்டியில் குடியிருந்தார். மில்லில் வேலை, மாதச் சம்பளம், வாய் நிறையப் பேச்சு, மனசு நிறையப் பாசம். வாப்பா சைக்கிள் தேடுகிறார் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய்த் தனக்கு ஒரு புதுச் சைக்கிள் வாங்கிக்கொண்டார். மாதத் தவணையில்தான். டைனமோ வைத்த விளக்கு, இரட்டை மணி, சீட்டுக்கு வெல்வெட் உறை. அதை எங்கள் வாசலில் நிறுத்தி, நீங்களும் இப்படி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், நான் ஜாமீன் நிற்கிறேன் என்றார். வாப்பா சீட்டைத் தடவிப் பார்த்தார், மணியை அடித்துப் பார்த்தார், தவணையில் வட்டி எவ்வளவு என்று கேட்டார். மாமா அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார்.

கடைசியில் வாப்பாவுக்கும் ஒரு சைக்கிள் கிடைத்தது. மாதுங்காவை ஒட்டிய பார்சி காலனியில் ஒரு வயதான பார்சிக்கார அம்மாள் இருந்தாள். பழைய கைப்பைக்கு வார் மாற்ற வாப்பா அங்கே போயிருந்தார். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் தோல் கிழிந்து தேங்காய்நார் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே அவள் மகளின் சைக்கிள் ஒன்று தூசி படிந்து நின்றது. மகள் கல்யாணமாகிச் சீமைக்குப் போய்விட்டாளாம். நாற்காலிகள் அத்தனைக்கும் புதுத் தோல் போட்டுக் கொடுத்தால் சைக்கிளை எடுத்துக்கொள்ளலாமா என்று வாப்பா கேட்டார். அந்த அம்மாளுக்கு இரட்டைச் சந்தோஷம். வாப்பா ராத்திரிகளில் கொஞ்சம் கூடுதலாகக் கண் விழித்து அந்த நாற்காலி வேலையை முடித்தார். கடனில்லை, வட்டியில்லை, யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்று உம்மா பாயாசம் வைத்தாள்.

ஒன்றே ஒன்றுதான் குறை. அது லேடீஸ் சைக்கிள்.

சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஆண்கள் சைக்கிளில் இருக்கிற குறுக்குக் கம்பி அதில் கிடையாது. அந்த இடம் வளைந்து இறங்கிக் காலியாகக் கிடக்கும். தாராவி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு வண்டியை ஓட்டுகிற ஆணைப் பார்க்க முடியாது. வாப்பா தாடியும் தொப்பியுமாக, பின்னால் மலை மாதிரி பெல்ட் மூட்டையைக் கட்டிக்கொண்டு அதில் போனார். சந்துப் பையன்கள், சாச்சா, இது சாச்சியின் சைக்கிளா என்று ஹிந்தியில் கேட்பார்கள். ஆமாம், பாவம், சாச்சி நடந்து வருகிறாள் என்று வாப்பா பதில் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே போவார். வீட்டில் யாராவது கேட்டால் அதற்கு வேறு பதில் வைத்திருந்தார். சாரம் என்றால் எங்களில் கைலி.

"சாரம் கட்டுதவனுக்குன்னே வெள்ளக்காரன் செஞ்சு விட்ட வண்டிளா இது. காலத் தூக்க வேண்டாம், சாரம் விலகாது. பேண்டு போட்டவனுக்கு இது வெளங்காது."

அந்தச் சில மாதங்கள் மாதிரி ஒரு காலம் எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. காலையில் போனவர் நண்பகல் லுஹர் தொழுகைக்குத் திரும்பிவிடுவார். அப்புறம் பொழுது சாய்கிறவரை மெஷின் ஓடும். சேட்டுக்கு வாப்பாவின் வேகம் பிடித்துப்போய் ஆர்டரைக் கூட்டினார். லாத்தாவுக்குச் செம்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அங்கே டீக்கடை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கடன் இல்லாமலே இந்தக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று வாப்பா உம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மாமாவுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து வாசலில் நிற்கிற லேடீஸ் சைக்கிளைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இந்த வீட்டில் ஆண்பிள்ளையே இல்லையா என்று கேட்கமாட்டார்களா? உள்ளே தூக்கி வைத்துவிடலாம் என்றால் உள்ளே நாங்கள் நிற்கவே இடமில்லை. வேறு யார் வீட்டிலாவது விட்டுவிடலாம் என்றாள் லாத்தா. சும்மா நிற்கட்டும், வண்டியையா கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்றார் வாப்பா. மாமா ஒன்றும் பேசவில்லை. மாமா பேசாமல் இருந்தால் ஏதோ வினை வருகிறது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை வாப்பா தோல் பார்க்கக் கிடங்குக்குப் போயிருந்தார். உம்மாவும் லாத்தாவும் துணி எடுக்க மாதுங்காவுக்குப் போயிருந்தார்கள். என்னை அடுத்த அறைக்காரரிடம் ஒப்படைத்திருந்தார்கள். மாமாவுக்கு அன்று மில்லில் லீவு. வந்தார், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. மாமா தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை ஏற்கெனவே அளவெடுத்து வாங்கி அங்கே கொடுத்து வைத்திருந்தார். பட்டறைக்காரர் கம்பியைச் சீட்டுக்குக் கீழேயிருந்து கைப்பிடிக்குக் கீழே வரை பொருத்தி, இரண்டு முனையிலும் பற்ற வைத்தார். நெருப்புப் பொறி பார்த்தால் கண் போய்விடும் என்று மாமா தன் தொப்பியைக் கழற்றி என் முகத்தை மூடினார். நான் தொப்பியின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஆறியதும் ராவித் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். இப்போது அது அசல் ஆண் சைக்கிள். கூலி கொஞ்சமல்ல. மாமா அந்த மாதத் தவணைக்கு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து கொடுத்தார். தவணைக்காரன் காத்திருப்பான், கல்யாணம் காத்திருக்குமா என்று என்னிடம் கேட்டார். எனக்கு ஒரு பொட்டலம் பெப்பர்மிண்ட்டும் வாங்கிக் கொடுத்தார்.

வாப்பா திரும்பி வந்தபோது நானும் மாமாவும் வாசலில் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம். நான் கைதட்டினேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் வாப்பாமார் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போவார்கள். எனக்கு இத்தனை நாளும் அந்தப் பாக்கியம் இல்லை. வாப்பா தோல் கட்டைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தொட்டுப் பார்த்தார். பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது.

"நல்லா இருக்கு மச்சான். ஒங்களுக்கு என்னத்துக்கு இந்தச் செலவு?"

மாமாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. நான் கம்பியில் உட்கார வேண்டும் என்று குதித்தேன். வாப்பா என்னைத் தூக்கி உட்கார வைத்துச் சந்து முனை வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினார். ஏறி ஓட்டுங்கள் என்றேன். பெயிண்ட் காயட்டும் என்றார்.

சிறிது நேரத்தில் உம்மாவும் லாத்தாவும் துணிப்பையோடு வந்தார்கள். உம்மா சைக்கிளைப் பார்த்தாள். பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எங்கள் உம்மா அண்ணனுக்கு எதிரில் குரல் உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை. அவர் வந்தால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கிறவள்.

"இத யாரு ஒங்கள்ட்ட கேட்டா? இப்பவே கொண்டு போயி அறுத்து எடுங்க காக்கா."

மாமா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தார். உம்மா விடவில்லை. இந்தக் கம்பியால் வண்டி கனத்துப்போகும் என்றாள். மழையில் துருப்பிடித்துவிடும் என்றாள். இந்தக் காசுக்கு ஒரு மாதம் அரிசி வாங்கியிருக்கலாம் என்றாள். பார்சிக்கார அம்மாள் பார்த்தால் வருத்தப்படுவாள் என்று கூடச் சொன்னாள். ஒன்றுக்கொன்று ஒட்டாத காரணங்களாக அடுக்கிக்கொண்டே போனாள். அக்கம்பக்கத்து வாசல்களில் தலைகள் முளைத்தன. மாமாவின் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது.

"சம்பந்தக்காரன் வார நேரத்துல பொம்பள வண்டிய வாசல்ல நிறுத்தி வைக்கச் சொல்லுதியா? ஒன் மவளுக்காகத்தான செஞ்சேன்?"

உம்மா வாப்பாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாப்பா தலையை ஆட்டவில்லை, கையை ஆட்டவில்லை, அவளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"போதும்ளா. அவொ ஆசயாச் செஞ்சிருக்காவ. இனி ஒண்ணும் பேசாத."

உம்மா உள்ளே போய்விட்டாள். அன்று மாமாவுக்கு வந்த டீயில் சர்க்கரை இல்லை. மாமா அதையும் குடித்துவிட்டுத் தன் டைனமோ சைக்கிளில் ஏறி மணியடிக்காமல் போனார். லாத்தா அழுதாள். அண்ணன் ஆசையாகச் செய்ததைக் காசுக் கணக்குப் பார்த்து அவமானப்படுத்திவிட்டாளே என்று எனக்கும் கோபம். உம்மாவும் வாப்பா மாதிரியே கருமி ஆகிவிட்டாள், இல்லை, அவரையும் மிஞ்சிவிட்டாள் என்று நானும் லாத்தாவும் அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டோம். அடுத்த அறைப் பெண்களும் அதையேதான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா வாசலில் நின்ற சைக்கிளைத் தட்டிப் பார்த்து, இந்தக் காலத்தில் இப்படிக் கனமான வண்டி கிடைப்பதில்லை என்று புகழ்ந்தார். அதோடு நிற்காமல் ஏறிச் சந்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டும் வந்தார். மாமா தாடியைத் தடவிக்கொண்டே உம்மா இருந்த பக்கம் பார்த்தார். உம்மா பார்க்கவில்லை. சம்பந்தம் முடிவாயிற்று.

அந்த வாரத்திலிருந்து வாப்பா சைக்கிளில் ஏறவில்லை. பின்னால் மூட்டையைக் கட்டி, புதுக் கம்பியின் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன மூட்டைகளைத் தொங்கவிட்டு, பிண்டி பஜார் வரை தள்ளிக்கொண்டே போனார். கேட்டால் முன்னைவிடச் சரக்கு அதிகம் ஏற்றலாம், ஏறி மிதித்தால் மூட்டை ஆடும் என்றார். மாமா அதைப் பார்த்துவிட்டு, நான் வைத்த கம்பி எதற்கெல்லாம் உதவுகிறது பார்த்தாயா என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்புகிறவர் இருட்டிய பிறகு வந்து சேர்ந்தார். வந்தவர் மெஷின் பக்கம் போகாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். உம்மா விளக்கைத் தணித்துவிட்டு எண்ணெய்ப் புட்டியை எடுப்பாள். தைக்கிற நேரம் பாதியாகக் குறைந்தது. சேட் கடை திறக்கும்போது சரக்கு இருக்க வேண்டும் என்பார், இது போய்ச் சேரும்போது அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். இரண்டு மூன்று முறை பொறுத்தார். ரம்ஜான் சரக்கு பிந்தியபோது அந்த ஆர்டரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வெட்டி அடுக்கிய தோல் வீட்டில் கிடந்தது. கையில் காசில்லை, லாத்தா கல்யாணமோ நெருங்கிவிட்டது. வட்டிக்காரரிடம் போகும்படி சொல்லாதவர்கள் எங்கள் சந்தில் இல்லை.

வாப்பா போகவில்லை. தையல் மெஷினை விற்றார். லாத்தாவின் கல்யாணத்தைக் கடனில்லாமல் நடத்தினார். அடுத்த வாரம், தாராவியிலேயே தன்னைவிட இளையவர் ஒருவரின் பட்டறையில் கூலிக்குப் பெல்ட் தைக்கப் போனார். அந்தப் பட்டறை எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சாகிறவரை அங்கேதான் தைத்தார். ஒருவருக்கும் கடன்படாமல் வாழ்ந்தார் என்று ஊரில் சொல்வார்கள், அது உண்மைதான். தனக்கென்று இருந்ததையெல்லாம் கொடுத்து அந்தப் பெயரை வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை.

இதற்கிடையில் மாமாவின் புதுச் சைக்கிளைக் கடைக்காரர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். கம்பிக்காகத் தவறிய ஒரு தவணை, அபராதமும் வட்டியுமாக வளர்ந்து அவர் தலைக்கு மேல் போய்விட்டது. வாப்பா அவரைக் கூப்பிட்டுத் தன் சைக்கிளின் சாவியைக் கொடுத்தார். எனக்கு இனிமேல் எதற்கு, பட்டறை பக்கத்தில்தானே என்றார். மாமா சுனாபட்டியிலிருந்து மில்லுக்கு அதில்தான் வருஷக்கணக்கில் போய்வந்தார். நல்ல வேளை நான் அன்றைக்குக் கம்பி வைத்தேன் என்று எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வார். வாப்பா சிரிப்பார். உம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வாப்பா மவுத்தானபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது குழந்தையும் பிறந்திருந்தது. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. எங்களில் இறந்த ஆணின் மய்யித்தைக் குடும்பத்து ஆண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். ஆகவே லாத்தாவின் மாப்பிள்ளையும் மாமாவும் திரைக்குப் பின்னால் போனார்கள். குளிப்பாட்டி முடித்து வந்த மாமா ஈரக்கையோடு நேரே உம்மா இருந்த பக்கம் வந்தார். பெண்கள் கூட்டம் விலகியது.

"வலது இடுப்பெலும்பு கோணலாக் கூடிருக்குளா. அந்தக் காலு பக்கவாட்டுல விரியவே மாட்டேங்கி. இது எப்ப ஒடிஞ்சிச்சு?"

உம்மா அழுகையை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள். டிராம் நின்ற பிறகு முதல் தடவையாக ரயிலில் போன அன்றைக்கு என்றாள். கூட்டத்தில் மூட்டையோடு இறங்கியபோது தள்ளிவிட்டுவிட்டார்களாம். யாரோ நாலு பேர் வண்டியில் போட்டுக் கொண்டுவந்து விட்டார்கள். எங்களைச் சுனாபட்டிக்கு அனுப்பிவிட்டு, வாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, யாரும் வர வேண்டாம் என்று உம்மா சொல்லி அனுப்பினாள். அம்மை என்றால் யார் எட்டிப் பார்ப்பார்கள்? மாமாகூட வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று இளநீரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கட்டுப் போடுகிறவர் ஒருவர் இருட்டில் வந்து எண்ணெய் போட்டுக் கட்டிவிட்டுப் போனார். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. காலை முன்னும் பின்னும் அசைக்கலாம். பக்கவாட்டில் தூக்கிப் போட முடியாது. ஒரு கம்பியைத் தாண்ட முடியாது.

ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிற அவர் நடையை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூட்டை சுமக்கிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள் என்று நினைத்தோம்.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா காக்கா? கடன வாங்கியாவது பெரிய டாக்டர்ட்ட கொண்டு போயிருப்பீங்க. அதுக்குப் பயந்துதான் என்ட்ட சத்தியம் வாங்கிட்டாவ. நொண்டியோட பொண்ணுன்னு பெரியவ சம்பந்தம் நின்னு போயிருமோன்னு அப்புறம் இன்னொரு பயம்."

மாமா தன் வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனுஷர் அப்படி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மேல் வைத்த பாசத்துக்கு அவர் தன் சைக்கிளையே பறிகொடுத்தவர்.

எனக்கு அடங்காமல் இருப்பது வேறு ஒன்று. அந்த வியாழக்கிழமை நான் வாசலில்தான் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்தேன், எல்லாவற்றையும் கேட்டேன். உம்மாவின் காரணங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று கூடக் கவனித்தேன். சொல்லக்கூடாத ஒரே காரணத்தைச் சுற்றிச் சுற்றித்தான் அவள் அத்தனையையும் சொன்னாள் என்பது பெப்பர்மிண்ட் சப்பிக்கொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்? அறுத்து எடுங்கள் என்று அன்றைக்கு வாப்பாவின் காலுக்காகப் பேசிய ஒரே ஆள் அவள். அவளைத்தான் வீட்டிலும் சந்திலும் எல்லோரும் சேர்ந்து கருமி என்றோம். உம்மா கடைசிவரை அதை மறுக்கவே இல்லை.